ஓடுவதற்குச் செய்யும் செலவு, நிற்பதற்கு எங்கே?

சிங்கப்பெருமாள் கோவில் சுற்றுவட்டாரத்தில் பழைய லாரி, டிப்பர், தண்ணீர் லாரி வைத்துத் தொழில் செய்யும் உரிமையாளர்களுக்கு,

உங்கள் வண்டிகளைத் திட்டுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை கடந்த முப்பது ஆண்டுகளில் எழும்பிய ஒவ்வொரு அடுக்குமாடியின் ஜல்லியும் மணலும், அந்த அடுக்குமாடிகளில் கோடையில் குடங்களை நிரப்பிய தண்ணீரும் உங்கள் டயர்களின் மேல் ஏறி வந்தவைதான். அவற்றைச் சுமந்தவற்றில் பல, பதினைந்து வருடத்தைத் தாண்டிய லேலண்டும் டாடாவும். ஜி.எஸ்.டி. சாலையில் பழைய லாரியைப் பார்த்ததும் ஒதுங்கி முகம் சுளிக்கும் கார்க்காரருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இல்லை. பழைய வண்டி ஓட்டுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது வேறு. பழைய லாரியின் ஆபத்து அதன் வயதில் இல்லை, அதற்கு ரிப்பேர் செய்யும் வரிசையில் இருக்கிறது. வண்டியை ஓடவிடாமல் செய்யும் கோளாறு அன்றைக்கே சரி செய்யப்படுகிறது. வண்டியை நிற்கவிடாமல் செய்யும் கோளாறு எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி வரை காத்துக்கொண்டிருக்கிறது.

இது உங்கள் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, கோளாறுகளின் குணத்தால் நடக்கிறது. என்ஜின் கோளாறு வாய்விட்டுப் பேசும். நாசில் போனாலும் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் கருப்புப் புகை தள்ளும். ரிங் தேய்ந்தால் நீலப் புகை வரும், ஆயில் குறையும். போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிப் பழகிய வண்டியில் உள்ளே உப்புப் படிந்து, சூடு ஏறி, ஹெட் கேஸ்கெட் போகும். அன்றைக்கு வண்டி நடுரோட்டில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிடும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் ஒரகடம் சாலை மேம்பாலத்தில் ஏறும்போதே என்ஜின் கத்தும், வண்டி நகராது. இவை ஒவ்வொன்றும் உங்கள் நடையைக் கெடுக்கின்றன. நடை போனால் காசு போகிறது, ஆகவே மெக்கானிக்குக்கு உடனே போன் போகிறது. பிரேக் லைனர் தேய்வது அப்படியல்ல. அது தேயத் தேய வண்டி இன்னும் இலகுவாகவே ஓடும். வீல் நட் தளர்ந்த வண்டியும் நடை போகும், கிங் பின் ஆடும் வண்டியும் போகும், பின்பக்க லைட் எரியாத வண்டியும் போகும். கடைசி நாள் வரை ஒரு நடைகூடக் கெடாது. ஒரு ரூபாயும் நட்டப்படுத்தாத கோளாறை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆனால் கணக்கு தப்பு.

ஏர் பிரேக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. காரிலும் சிறு வேனிலும் பிரேக் மிதிக்கும் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஆயில் இருக்கிறது. அங்கே கோளாறு வந்தால் பெடல் ஆழமாக இறங்கும், மெத்தென்று இருக்கும், ஓட்டுபவரின் கால் அதை உணரும். பெரிய லாரியில் கால் அழுத்துவது ஒரு வால்வை மட்டுமே. வால்வு திறக்கிறது, டேங்கில் இருக்கும் காற்று சேம்பருக்குப் போகிறது, சேம்பருக்குள் இருக்கும் டயபிரம் ஒரு ராடை வெளியே தள்ளுகிறது, ராடு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்புகிறது, அதன் முனையில் இருக்கும் எஸ் வடிவ கேம் சுழன்று லைனர் ஒட்டிய ஷூக்களை டிரம்மில் அழுத்துகிறது. லைனர் புதிதாக இருந்தாலும் தகடாகத் தேய்ந்திருந்தாலும் டிரைவரின் காலுக்குக் கிடைக்கும் உணர்வு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் சேசிஸுக்கு அடியில், அந்த ராடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதில் இருக்கிறது. லைனர் தேயும் அளவுக்கு ராடு கூடுதல் தூரம் வரவேண்டும். சேம்பருக்குள் டயபிரம் தன் பயணத்தின் கடைசிக்கு வந்துவிட்டால் தள்ளும் விசை சட்டென்று குறைந்துவிடும். அதாவது காற்று முழு அழுத்தத்தில் இருக்கும், மீட்டர் முள் சரியாக நிற்கும், கால் முழுக்க மிதித்திருக்கும், பிரேக் மட்டும் இருக்காது.

இதன் மேல் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். லாரியை நிறுத்துவது என்றால் அதன் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது, அவ்வளவுதான். மூன்று அச்சு லாரிக்கு 2018-இல் ஒன்றிய அரசு உயர்த்திய மொத்த எடை வரம்பு 28.5 டன். அந்த எடையோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஒரே ஒருமுறை முழுதாக நிறுத்தினால் உண்டாகும் வெப்பம், சுமார் 13 லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இதை யாரும் பள்ளிக்கூடக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். வேகம் 80 ஆனால் அது 24 லிட்டர். வேகம் 60-லேயே இருந்து எடை 38 டன் ஆனால் 18 லிட்டர். இவ்வளவு வெப்பமும் ஆறு டிரம்களுக்குள் போகிறது. டிரம் இரும்பு, சூடானால் விரியும். 410 மில்லிமீட்டர் டிரம் இருந்த சூட்டுக்கு மேல் 250 டிகிரி ஏறினால் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரிந்து லைனரை விட்டு விலகிப்போகும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஸ்லாக் அட்ஜஸ்டர் ஒரு நெம்புகோல். ஷூ இம்மி நகர ராடு அதைப் போலப் பல மடங்கு நகரவேண்டும். காலையில் ஆறின டிரம்மில் 'பரவாயில்லை, பிடிக்குது' என்று இருந்த பிரேக், மத்தியானம் சூட்டில் எல்லையைத் தாண்டிவிடுவது இப்படித்தான். பட்டறையில் டிரம்மை இரண்டு மூன்று தடவை லேத்தில் கடைந்திருந்தால் சுவர் மெலிந்து, அது இன்னும் சீக்கிரம் சூடாகும். 'இங்கே என்ன கொல்லிமலையா, ஏற்காடா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலை இறக்கத்தில் ஏறும் அளவுக்கு இங்கே சூடு ஏறாது என்பது உண்மை. ஆனால் பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், மகிந்திரா சிட்டி, பரனூர் என்று அடுத்தடுத்து வேகமெடுப்பதும் மிதிப்பதுமாக லோடோடு வரும் வண்டியின் டிரம் ஆற நேரமே கிடைப்பதில்லை. அந்த நிலையில் ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே நின்றால், கையில் இருப்பது ராடின் பயணத்தில் மிஞ்சிய கடைசி அரை அங்குலம்தான்.

அமெரிக்காவில் சாலையோரச் சோதனையில் இந்த ராடின் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். 30 எண் சேம்பரில் அது 2 அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பிரேக் குறையுள்ளது என்று எழுதிக்கொள்வார்கள். வண்டியில் இருக்கும் பிரேக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு அப்படி இருந்தால், சரி செய்யும் வரை அந்த இடத்தைவிட்டு வண்டி நகரக்கூடாது. ஆறு சக்கர முனை உள்ள நம் டிப்பருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் இரண்டு முனை சரியில்லை என்றாலே வண்டி நின்றுவிடும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், மெஷின் வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சேம்பர் முகத்தை ஒட்டி ராடில் சாக்பீஸால் ஒரு கோடு. கேபினில் ஒருவர் பிரேக்கை முழுக்க மிதிக்க, கீழே ஒருவர் அந்தக் கோடு எவ்வளவு தள்ளி வந்தது என்று டேப்பால் அளக்க வேண்டும். ஆறு முனைக்கும் சேர்த்து அரை மணி நேரம். பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்லாக் அட்ஜஸ்டரை ஸ்பேனரால் கையில் திருப்பித்தான் நெருக்கவேண்டும். தானாக நெருங்கிக்கொள்ளும் வகை பொருத்திய வண்டியில் கோடு தள்ளி வந்தால் நெருக்குவதோடு விடாமல் ஏன் என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அங்கே தானியங்கிப் பாகமோ பிரேக்கின் வேறு பாகமோ பழுதாகியிருக்கிறது. ஒருபக்கம் நெருக்கி மறுபக்கம் விட்டுவிடுவது இன்னொரு வம்பு. அவசரமாக மிதித்தால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும், இரண்டு சக்கர வாகனம் போகும் பக்கம் எதுவோ அந்தப் பக்கம்.

ஏர் டேங்கைப் பற்றியும் சொல்லவேண்டும், இது கடலோர மாவட்டம் என்பதால். கம்ப்ரஸர் இழுக்கும் காற்றில் ஈரம் இருக்கிறது. அது டேங்கில் தண்ணீராகத் தங்கும். டேங்குக்கு அடியில் இருக்கும் வால்வைத் தினமும் திறந்து வடித்துவிட வேண்டும் என்பது கிளீனர்கள் பரம்பரையாகக் கற்ற முதல் வேலை. உள்ளூர் நடைக்கு ஓடும் டிப்பர்களில் இன்று கிளீனர் என்று ஒருவரே பெரும்பாலும் கிடையாது. அந்தச் சம்பளம் மிச்சமானபோது அந்த வேலையும் சேர்ந்து போய்விட்டது. வடிக்காத தண்ணீர் வால்வுகளுக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும், டேங்கில் காற்றுக்கு இருக்கும் இடத்தைக் குறைக்கும். வடிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. வருவது வெறும் தண்ணீரா, பால் போல வெளுத்த குழம்பா, கருப்பு ஆயிலா என்று பாருங்கள். ஆயில் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த ஆயில் பிரேக் வால்வின் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பைசா செலவில்லாத பரிசோதனை இது. இரவில் என்ஜினை அணைத்துவிட்டு ஏர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, காலையில் மறுபடி பாருங்கள்; முள் கீழே கிடந்தால் எங்கோ காற்று கசிகிறது. சோப்பு நுரை போதும் கண்டுபிடிக்க.

தண்ணீர் லாரிக்காரர்களிடம் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது. தென்சென்னைப் புறநகரின் தாகம் பாதி உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு வசதி உண்டு, எடை மேடை இல்லாமலே எடை தெரியும்: ஆயிரம் லிட்டர் ஒரு டன். 24,000 லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டும் 24 டன். மூன்று அச்சு வண்டியும் டேங்கும் சேர்ந்து எட்டு டன்னுக்குக் குறையாது. மொத்தம் 32, வரம்பு 28.5. எந்த மேடையிலும் ஏற்றாமலே, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் லிட்டர் கணக்கை எழுதிக்கொண்டே அந்த வண்டி வரம்பை மீறிக்கொண்டு போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஆனால் அபராதம் இங்கே பெரிய விஷயமே இல்லை, அந்தப் பாரத்தைச் சுமப்பது எந்த வண்டி என்பதுதான் விஷயம். சரக்கு லாரியாக ஓடி ஓய்ந்த வண்டியை வாங்கி, பாடியைக் கழற்றி டேங்க் ஏற்றுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அதிலும் முழு டேங்கை விடப் பாதி டேங்க் இன்னும் ஆபத்து. ஒரு வீட்டில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. பிரேக் மிதித்தால் முன்னால் பாய்ந்து தள்ளும், திருப்பினால் பக்கவாட்டில் சாயும். அதற்காகத்தான் டேங்குக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். செலவைக் குறைக்க அவற்றை விட்டுவிட்டுக் கட்டிய டேங்கும், துருப்பிடித்து அவை உள்ளே விழுந்து கிடக்கும் டேங்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். முதல் பதில் எப்போதும் 'எஃப்.சி. எடுத்திருக்கிறதே!' என்பதுதான். எட்டு வருடத்தைத் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. வருடத்துக்கு ஒரு தடவை. அந்த ஒரு நாளுக்காக வண்டிக்குப் பெயின்ட் அடித்து, பட்டை ஒட்டி, லைட் மாற்றி, லைனர் போட்டு எடுத்துப் போவது நீங்கள் செய்யும் நல்ல வேலைகளில் ஒன்று, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எஃப்.சி. என்பது அந்த நாளில், காலி வண்டியாக, ஆறின டிரம்மோடு வண்டி எப்படி இருந்தது என்பதற்கான சான்று. பதினோராவது மாதத்தில், 20 டன் எம்-சாண்டோடு, இருபதாவது சிக்னலில் அது எப்படி இருக்கும் என்பதற்கு எந்த அலுவலகமும் சான்று தரமுடியாது. குவாரித் தூசிக்கு நடுவே தினமும் நான்கைந்து நடை போகும் டிப்பருக்கு லைனர் ஒரு வருடம் தாங்கும் என்று உங்கள் மெக்கானிக்கே சொல்லமாட்டார். சில உரிமையாளர்கள் எஃப்.சி.க்காக நல்ல டயரை இரவல் வாங்கிப் போட்டு, மறுநாள் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது பட்டறைகளில் ஊரறிந்த ரகசியம். அதைச் செய்பவர் ஆய்வாளரை ஏமாற்றியதாக நினைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது பதில், டிரைவர். 'விபத்தெல்லாம் டிரைவர் வேகத்தால் வருவது, புள்ளிவிவரமே அப்படித்தானே சொல்கிறது?' ஆமாம், அப்படித்தான் சொல்கிறது. 2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான் பதிவாயின: 64,105, உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதுமான கணக்கில் பத்தில் ஏழுக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பின் கீழ்தான் போடப்பட்டிருக்கின்றன. அந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் போய் மோதிய வண்டி எப்போதுமே வேகமாக வந்த வண்டியாகத்தான் தெரியும். 50-இல் வந்து பிரேக் பிடிக்காமல் மோதியதும், 80-இல் வந்து பிரேக் பிடித்தும் மோதியதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான். விபத்துக்குப் பிறகு வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கிறார். அப்போது டிரம் ஆறியிருக்கும், சரக்கை இறக்கியிருப்பார்கள், பிரேக் பிடிக்கும். டிரைவர்கள் வேகமாக ஓட்டுவதில்லை என்று நான் வாதாடவில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, ஆறு நடை போனவரைப் பாராட்டி, நான்கு நடையோடு வந்து 'பிரேக் பார்க்கணும்' என்றவரைச் சோம்பேறி என்று சொன்னால், வேகத்தை உத்தரவாகக் கொடுத்தவர் யார்? பிரேக்கின் நிலையைக் கால் சொல்லாது என்று முன்பு பார்த்தோம். சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயையும் கூலிக் கணக்கு அடைத்துவிடுகிறது.

மூன்றாவது பதில்தான் கனமானது: காசு. டீசல், டயர், இன்சூரன்ஸ், டோல், வட்டி என்று எல்லாம் ஏறியிருக்கிறது. வாடகை மட்டும் குவாரிக்காரரும் பில்டரும் சொல்வதுதான். வரம்புக்குள் ஏற்றினால் நடைக்குக் கையில் எதுவும் நிற்பதில்லை, பக்கத்து வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இதை நான் மறுக்கப் போவதில்லை. தனியொரு உரிமையாளரிடம் போய் 'நீ மட்டும் குறைத்து ஏற்று' என்று சொல்வது உபதேசம். ஆனால் அதே உரிமையாளரின் நோட்டை ஒரு வருடத்துக்குப் புரட்டிப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். அதிக பாரத்துக்குக் கிடைத்த கூடுதல் வாடகை, ஸ்பிரிங் பட்டை முறிந்ததிலும், ஹவுசிங் வளைந்ததிலும், கிரவுன் பினியன் பல் போனதிலும், டயர் பாதி வயதில் வெடித்ததிலும் திரும்பிப் போயிருக்கும். அச்சின் மேல் பாரம் கூடினால் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, பல மடங்காகக் கூடுகிறது; சாலைப் பொறியாளர்கள் பாரத்தின் நான்காம் அடுக்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதன்படி பாரம் கால் பங்கு கூடினால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உங்கள் இரும்பும் அதே வகையில்தான் களைக்கிறது. பிரேக் செலவோ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவுகூட இல்லை. ஸ்லாக் அட்ஜஸ்டர் நெருக்கக் காசே இல்லை, டேங்க் வடிக்கக் காசே இல்லை, டயபிரம் ஒரு ரப்பர் வட்டம். லைனரில் மட்டும்தான் நிஜமான செலவு, அங்கேதான் பெயரில்லாத டப்பாவில் வரும் மலிவுச் சரக்கு கையை நீட்டுகிறது. அந்த லைனர் ஆறின டிரம்மில் அசல் போலவே பிடிக்கும். சூட்டில் கைவிடும். இந்த நாட்டின் பிரேக் பாகங்கள் பெருமளவில் செய்யப்படுவது பாடியிலும் அம்பத்தூரிலும். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றுக்குள். பில்லோடு அசல் சரக்கு வாங்க இதைவிட வசதியான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒரு குரலுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கு விரோதமான குரல். 'பழைய லாரிகளை எல்லாம் உடைத்துப்போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்' என்பார்கள். 15 ஆண்டு கடந்த கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 12,500 ரூபாயாக உயர்த்தி 2021-இல் ஒன்றிய அரசு அறிவித்ததற்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். புகை விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2020-இல் வந்த பி.எஸ். 6 வண்டிக்கும் பழைய வண்டிக்கும் அதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2015-க்குப் பிறகு வந்த கனரக லாரிகளில் ஏ.பி.எஸ். இருப்பதும் உண்மை. ஆனால் ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், தேய்ந்த லைனரை வளர்க்காது. புதிய வண்டியிலும் இதே சேம்பர், இதே கேம், இதே டிரம்தான் பெரும்பாலும். நல்ல கையில் இருக்கும் இருபது வயது லாரி, கவனிப்பில்லாத ஐந்து வயது லாரியை விடப் பத்திரமானது. தவிர, சென்சாரும் ஸ்கேனரும் யூரியாக் கரைசலும் இல்லாத அந்தப் பழைய வரிசைப் பம்ப் என்ஜினை, சாலையோரப் பட்டறையில் இருபது ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரி உயிர்ப்பித்துவிடுகிறார். இது சாதாரணத் திறமை அல்ல. அந்தத் திறமை முழுவதையும் என்ஜினுக்கு மட்டுமே செலவழிக்கச் சொல்லும் உங்கள் வேலை வரிசைதான் கோளாறு.

பிரேக்குக்கு வெளியேயும் இதே குணமுள்ள கோளாறுகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு நகர்ந்துவிடும், வண்டி நண்டு போலச் சாய்ந்து நடக்கும். பின்னால் வருபவருக்குத் தெரியும், ஓட்டுபவருக்குத் தெரியாது. முன்டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் டயரை மாற்றிப்போடுவது பதில் அல்ல, ஜாக்கி போட்டுத் தூக்கிக் கடப்பாரையால் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துக் கிங் பின்னைப் பார்ப்பதுதான் பதில். வீல் நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு தெரிந்தால் அந்த நட் தளர்ந்திருக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கவேண்டும் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். சேசிஸ் விரிசலை அப்படியே வெல்டிங் வைத்து மூடுவதைவிட மோசமான சிக்கனம் இல்லை. விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தாமல் வெல்டிங் வைத்தால் அது ஒரு சாண் தள்ளி மறுபடி பிளக்கும். டிப்பர் பாடியைத் தூக்கி வைத்து அடியில் வேலை செய்யும்போது முட்டுக்கால் கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி எந்த மெக்கானிக்கையும் உள்ளே அனுப்பாதீர்கள். ஹைட்ராலிக் ஹோஸ் வெடிக்கும் முன் சத்தம் போட்டு முன்னறிவிப்பு கொடுக்காது.

பழுதாகி நின்ற வண்டி தனிக் கதை. ஜி.எஸ்.டி. சாலையில் இரவில் இடதுபுறம் நிற்கும் லாரிக்கு நாம் கொடுக்கும் எச்சரிக்கை என்ன? வேப்பங்கிளை ஒன்றை ஒடித்துப் பின்னால் சொருகுவது, நான்கு கருங்கல்லை வரிசையாக வைப்பது. வண்டி சரியானதும் கிளை போய்விடும், கற்கள் அங்கேயே கிடக்கும், அடுத்து வரும் பைக்குக்காக. தூசி படிந்த சிவப்புப் பட்டையும் எரியாத டெயில் லாம்ப்பும் வளைந்து மேலே தூக்கிக்கொண்ட பின்பக்கத் தடுப்புக் கம்பியும் சேர்ந்தால், நின்றுகொண்டிருக்கும் வண்டியே ஆளைக் கொன்றுவிடும். இரண்டு முக்கோண ரிஃப்ளெக்டரும் ஒரு ஈரத்துணியும் கேபினில் வைக்கப் பெரிய யோசனை தேவையில்லை.

ஒரகடத்தில் ஒன்றிய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புதிய வண்டிகளின் பிரேக்கைச் சோதிப்பதற்கென்றே அங்கே ஓடுபாதைகள் போட்டிருக்கிறார்கள். மகிந்திராவின் ஆராய்ச்சிக்கூடம் இங்கே மகிந்திரா சிட்டிக்குள்ளேயே இருக்கிறது. வண்டியை எப்படி நிறுத்துவது என்பதை ஆராயப் பெரும்பணம் செலவாகும் ஊர் இது. அந்தக் கட்டடங்களுக்கு ஜல்லி சுமந்த வண்டிகளின் ராடை அளக்க ஒரு சாக்பீஸும் டேப்பும் இல்லை என்பது நமக்கு அழகல்ல.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு அரைநாள், வண்டி நிற்கட்டும். அந்த அரைநாளுக்கு டிரைவருக்கு நடைக் கூலியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் வண்டியை நிறுத்தமாட்டார். ஆறு ராடையும் அளந்து, அந்த எண்களைத் தேதி போட்டு, டீசல் கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதுங்கள். போன மாதத்தை விட எந்த முனையில் எண் கூடியிருக்கிறது என்று பாருங்கள். சங்கமாக இருக்கும் இடங்களில் பத்து வண்டி சேர்ந்து ஒரு மெக்கானிக்கை இந்த வேலைக்கு மட்டும் மாதச் சம்பளத்துக்கு வைக்கலாம். குவாரியிலும் பில்டரிடமும் வரம்புக்குள் ஏற்றும் வாடகையைப் பேசவும் அந்தச் சங்கமே போகட்டும், தனியாகப் போனால் முடியாது. வரும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் வைக்கும்போது, பூ கட்டும் முன் ஒருவரைக் கேபினில் ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒருமுறை அடியில் குனிந்து பாருங்கள்.